பந்தய வீரரும் பட்டப்பெயரும்

மன்னார்த் தீவிலே, பள்ளிமுனைக் கிராமத்தில், பழைய பெருக்க மரம் ஒன்று நிற்கின்றது. அதன் அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர்; உயரமோ அதன் பாதியைக்கூட எட்டவில்லை. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வின மரத்தை அராபிய வணிகர் இக்கரைக்குக் கொணர்ந்தனர் என்பது வழிவழியாக நிலவிவரும் கருத்து. மரம் கரை சேர்ந்தது. அதன் தாயகத்துப் பெயர் கரை சேரவில்லை. பெருகிப் பருத்த அடிமரத்தைக் கண்ட ஊரவர் தாமே அதற்குப் பெயரிட்டனர். பெருக்க மரம் என்ற பெயரைக் கேட்ட ஒருவர், அம்மரத்தைக் காணாமலே அதன் தோற்றத்தை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பாகுபடுத்துகின்றது. காரணம் எதுவுமின்றி முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. ஏதேனுமொரு காரணம் பற்றி வந்தது காரணப்பெயர். மனிதருக்கு வழங்கும் பெயர்களையும் இவ்வாறு இரண்டாக நோக்கலாம். பெற்றோர் இடும் பெயர், குழந்தை ஒன்றும் செய்யாதிருக்கும் பருவத்தில் வந்து சேர்வது. அழகன் என்று பெயர் பெற்றவன் அழகனாகவே வளர்வான் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால், ஒருவன் வளர்ந்து ஆளான பின்னர் ஊரவர் அவனைப் பார்த்து, அவன் செயலை எடைபோட்டு, வைக்கும் பெயர் ஒன்று உண்டு. அதுவே பட்டப்பெயர். ஈழநாட்டுப் பேச்சுவழக்கில் இதனைப் பட்டந் தெளித்தல் என்பர். தெளிக்கப்படும் நீர் யார்மேல் விழுகின்றதோ அவரைக் கேட்டா விழுகின்றது? பட்டப்பெயரும் அத்தகையதே.

பட்டப்பெயர் ஏன் வேண்டப்படுகின்றது என்பதை முதலில் ஆராய்தல் நலம். மன்னார்க் கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களிலே அந்தோனி, சவிரி, சூசை என்று புனிதர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடுவது நெடுநாள் வழக்கம். ஒரே ஒழுங்கையில் நான்கு அந்தோனிகள் வாழ்ந்தால், வலை இழுக்க வரும்படி சொல்லியனுப்பும் ஒருவர் எந்த அந்தோனியை அழைப்பது? நெட்டை அந்தோனி, கறுவல் அந்தோனி என்று அடைமொழி வந்து சேர்கின்றது. நாளடைவில் அந்தோனி மறைந்து, நெட்டையர் என்பதே பெயராகிவிடுகின்றது. எனவே, பட்டப்பெயரின் முதற்பயன் ஒருவரைப் பலரிடமிருந்து பிரித்துக் காட்டுதலாகும்.

உலகிலே இத்தேவை மிகுதியாக உள்ள இடங்களுள் மோட்டார்ப் பந்தயத்திடலும் ஒன்று. கால்பந்தாட்ட வீரனின் முகத்தைப் பார்வையாளர் காண்கின்றனர். துடுப்பாட்ட வீரனின் நடையையும் நிற்கும் பாங்கையும் காண்கின்றனர். பந்தயக் காரை ஓட்டுபவனோ தலைக்கவசத்தினுள் மறைந்திருக்கின்றான். அவனுடைய கார் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகின்றது. வானொலியில் வருணனை கேட்பவருக்கு அந்தக் காட்சிகூட இல்லை. இயந்திரத்தின் இரைச்சலும் வருணனையாளரின் குரலும் மாத்திரமே அவருக்கு உண்டு. அந்நிலையில், வீரனின் இயல்பை ஒரே சொல்லில் உணர்த்தும் பெயர் ஒன்று கிடைக்குமாயின், கேட்பவரின் மனக்கண்முன் ஓர் உருவம் எழுந்து நிற்கும். பந்தய வீரருக்குப் பட்டப்பெயர்கள் மலிந்தமைக்குப் பத்திரிகையாளரும் வருணனையாளரும் பெரிதும் காரணராயினர் என்பதில் வியப்பில்லை.

இப்பெயர்கள் எவ்வாறு பிறக்கின்றன? இதற்கும் தமிழ் இலக்கணமே நல்ல வழி காட்டுகின்றது. பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாக வகுத்தனர் நம் முன்னோர். மேலைநாட்டுப் பந்தய வீரரின் பட்டப்பெயர்களை இந்த ஆறு பெட்டிகளில் இட்டுப் பார்த்தால், அவை பெரும்பாலும் பொருந்தி அமைகின்றன.

சினை என்பது உறுப்பு. உடலுறுப்பைப் பற்றி வரும் பெயரே எங்கும் முதலில் தோன்றுவது; கண்ணுக்கு உடனே புலப்படுவது உடல்தானே. பெல்ஜியம் நாட்டவரான காமில் ஜெனாட்சி என்பார் 1899ஆம் ஆண்டில், மின்கலத்தால் இயங்கிய காரொன்றில், மணிக்கு 100 கிலோமீற்றர் என்னும் எல்லையைக் காரோட்டிகளுள் முதன்முதல் கடந்தவர். அவருடைய தாடி செந்நிறமானது. ஓட்டமோ அச்சந் தருவது. இரண்டையும் சேர்த்து அவரைச் சிவப்புப் பிசாசு என்றனர். ஆர்ஜென்டீனா நாட்டின் யுவான் மனுவேல் பாஞ்சியோ 1951இலும், 1954 முதல் 1957 வரை தொடர்ந்தும், ஆக ஐந்து முறை உலகச் சாம்பியனாக விளங்கியவர். ஆயினும், அவருடைய நாட்டு மக்கள் அவரை அன்புடன் அழைத்த பெயர் வளைகாலன் என்னும் பொருளுடையது. சிறுவனாய்க் கால்பந்தாடிய நாளிலே அவர் கால்கள் வளைந்து தோன்றியமையால் எழுந்த பெயர் அது. உலகம் அவரைப் பேராசான் என்று போற்றிய காலத்திலும் ஊர் அவரை வளைகாலன் என்றே அழைத்தது. அவரும் அதனை இழிவாகக் கொள்ளவில்லை. ஒஸ்திரிய நாட்டு நிக்கி லவுடாவை, முன்பற்கள் சற்றே நீண்டிருந்தமை பற்றி, எலி என்றனர்.

இவ்வாறு உறுப்பால் பெயர் பெறுதல் தமிழருக்குப் புதிதன்று. சோழப் பேரரசன் கரிகாலனுடைய பெயருக்கு, இளமையில் தீயிற் பட்டுக் கால் கரிந்தமையே காரணம் என்று பழைய மரபு கூறும். காவிரிக்குக் கரை கண்ட மன்னனை, அவனுடைய முடியைக் கொண்டன்றிக் காலைக் கொண்டே நாடு நினைவிற் கொண்டது. தீ தொட்ட உறுப்பு, அவன் பட்ட துன்பத்துக்கும் அதனின்று மீண்டமைக்கும் சான்றாயிற்று. லவுடாவுக்கும் இதனை ஒத்த வரலாறு உண்டு. 1976ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதி, ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் ஓடுபாதையிலே அவருடைய கார் தீப்பற்றியது. முகமும் தலையும் வெந்து, ஒரு காதின் பெரும்பகுதியை இழந்த அவர், ஆறு வாரங்களின் பின் இத்தாலியின் மொன்சாப் பந்தயத்தில் மீண்டும் ஓடினார். மறுவருடம் உலகச் சாம்பியனுமானார். பல்லைப் பார்த்துப் பெயர் வைத்தவர், அப்பல்லுக்குப் பின்னால் இருந்த உறுதியைப் பின்னரே கண்டனர்.

அடுத்தது இடம். இத்தாலியின் மாந்துவா நகரை அடுத்துப் பிறந்த தாசியோ நுவொலாரி, பறக்கும் மாந்துவர் எனப்பட்டார். ஸ்கொட்லாந்தின் ஜக்கி ஸ்டுவர்ட், பறக்கும் ஸ்கொட்லாந்தர் எனப்பட்டார். பறக்கும் பின்லாந்தர் என்னும் பெயரின் வரலாறு மேலும் சுவையானது. அது முதலில் காரோட்டிக்கு வழங்கியதன்று. ஹன்னஸ் கொலமைனன், பாவோ நூர்மி என்னும் நெடுந்தூர ஓட்ட வீரர்களுக்கு வழங்கியது. காலால் ஓடியவர் பெயர் பின்னர் காரால் ஓடியவருக்கு உரித்தாயிற்று. 1998, 1999ஆம் ஆண்டுகளில் உலகச் சாம்பியனான மிக்கா ஹக்கினன் முதலிய பின்லாந்து வீரர் பலர் அப்பெயரை ஒருவர்பின் ஒருவராகச் சூடினர். பட்டப்பெயரும் முதுசொமாக இறங்கிவருவதுண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இடத்தால் வரும் பெயரில் தனிமனிதனின் பெருமையோடு ஊரின் பெருமையும் கலந்திருக்கின்றது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனையும், கங்கை கொண்ட சோழனையும் அறிந்தவருக்கு இது விளங்காததன்று.

காலத்தால் வரும் பெயர் அரிது. எனினும், ஜேர்மனியின் ருடோல்ப் கராச்சியோலாவுக்கு வழங்கிய மழையாசான் என்னும் பெயரை இதன்பாற் சேர்க்கலாம். 1926ஆம் ஆண்டு பேர்லின் நகரையடுத்த அவுஸ் ஓடுபாதையில் நடந்த ஜேர்மன் கிறாண்ட் பிறிக்ஸ் பந்தயத்தில் மழை கொட்டியது, பாதை வழுக்கியது. பிறர் தடுமாறிய அப்பந்தயத்தில் அவர் வெற்றி பெற்றார். அதன் பின்னரும் மழைநாட் பந்தயங்களில் அவர் காட்டிய நிதானம் அப்பெயரை உறுதிப்படுத்தியது. நல்ல வேளையில் எவரும் ஓடலாம். கெட்ட வேளையில் ஓடியவனையே மக்கள் பெயர் சொல்லி நினைக்கின்றனர். சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் மன்னார்க் கடலில் தொழில் செய்வோருக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குணத்தால் வரும் பெயர்களே எண்ணிக்கையில் மிகுந்தவை. பிரான்சு நாட்டின் அலன் புரொஸ்ட், ஓடுபாதையில் வீண் வேகம் காட்டாது, சக்கரத்தின் தேய்வையும் எரிபொருளின் அளவையும் கணக்கிட்டு ஓடுபவர். நான்கு முறை உலகச் சாம்பியனான அவரைப் பேராசிரியர் என்றனர். 2007ஆம் ஆண்டுச் சாம்பியனான பின்லாந்து வீரர் கிமி ரைக்கோனன், வென்றாலும் தோற்றாலும் முகம் மாறாதவர். அவரைப் பனிமனிதர் என்றனர். அவுஸ்திரேலியாவின் ஜக் பிரபம் கருமையான தலைமயிர் உடையவர். பேச்சிலோ மிகச் சிக்கனமானவர். தோற்றமும் குணமும் சேர, அவரைக் கறுப்பு ஜக் என்றனர். அவரைப் பற்றி மேலும் ஒரு செய்தி உண்டு. 1966ஆம் ஆண்டில் அவருக்கு வயது நாற்பது. பந்தயத்துக்கு வயது கடந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. ஒல்லாந்துக் கிறாண்ட் பிறிக்ஸ் பந்தயத்தன்று அவர் பொய்த்தாடி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கோலூன்றித் தள்ளாடிய வண்ணம் தமது காரை நோக்கி நடந்தார். பின்னர் தாடியைக் கழற்றிவிட்டு ஏறியமர்ந்து, அப்பந்தயத்தில் வென்றார். அவ்வாண்டின் உலகச் சாம்பியன் பட்டமும் அவருக்கே கிடைத்தது. கேலிக்கு விடையிறுக்கும் முறைகளுள் இதனினும் நாகரிகமானது அரிது.

பொருளாற் பெயர் பெறுதல் ஐந்தாவது வகை. முன்னர்க் கூறிய நுவொலாரிக்கு, இத்தாலியக் கவிஞர் கபிரியேல் தனுன்சியோ 1932ஆம் ஆண்டில் பொன்னாற் செய்த சிறு ஆமையொன்றைப் பரிசளித்தார். மிக விரைவான மனிதனுக்கு மிக மெதுவான பிராணி என்பது அவர் கருத்து. அதன்பின் ஆமை நுவொலாரியின் சின்னமாயிற்று. சீயம் என்று அழைக்கப்பட்ட தாய்லாந்தின் இளவரசர் ஒருவரும் ஐரோப்பியப் பந்தயங்களில் 1930ஆம் ஆண்டுகளில் பெரும்புகழ் ஈட்டினார். அவருடைய அரச குலப் பெயர் நீண்டது. ஐரோப்பியரின் நாவுக்கு வசப்படாதது. ஆதலால், பீரா என்னும் சுருங்கிய பெயரிலேயே அவர் பந்தயமோடினார். அவருடைய பந்தயக் குழுவை நடத்திய உறவினரான இளவரசர் சூலாவுக்குக் குழந்தைப் பருவத்தில் இட்ட செல்லப்பெயர், எலி என்னும் பொருளுடையது. அதனால் அக்குழுவின் சின்னம் வெள்ளெலியாயிற்று. அரண்மனையில் தொட்டிலருகே பிறந்த ஒரு செல்லப்பெயர் ஐரோப்பாவின் பந்தயத்திடலிற் கொடியாகப் பறந்தமை விந்தையே.

நீண்ட பெயர் சுருங்குதலும் பட்டப்பெயர் பிறக்கும் வழிகளுள் ஒன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், தென்னிந்தியாவில் பந்தயக் கார் ஓட்டியும் உருவாக்கியும் இளைஞர் பலருக்கு வழிகாட்டியவர். 1995ஆம் ஆண்டில் அவர் விமான விபத்தில் இறந்தார். நண்பர் அவரைக் கரி என்றே அழைத்தனர். அவர் நினைவாகக் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் அமைந்த ஓடுபாதையும் கரி என்னும் பெயரையே தாங்கிநிற்கின்றது. அந்நகரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் போர்மியுலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். உலகின் மிக வேகமான இந்தியர் என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டின.

பொருளோடு ஓசையையும் புறக்கணித்தல் ஆகாது. நாவிற் புரளாத பெயர் நிலைப்பதில்லை. 1976ஆம் ஆண்டுச் சாம்பியனான ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஹண்ட், தொடக்கத்தில் அடிக்கடி காரை மோதி நொறுக்கியவர். மோதலைக் குறிக்கும் ஷண்ட் என்னும் பந்தயத்திடற் சொல் அவர் பெயரோடு எதுகையாக அமைந்துவிட, ஹண்ட் த ஷண்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இலங்கைத் துடுப்பாட்டத்தில் லசித் மலிங்காவுக்கு, கவணெறிவது போற் பந்தெறியும் அவருடைய பாணி பற்றி, ஸ்லிங்கா மலிங்கா என்ற பெயர் வந்ததும் இவ்வெதுகையின் வலிமையாலேயே. செய்யுளுக்கு மட்டும் உரியது எதுகை என்று எண்ணுதல் பிழை. கடைத்தெருவிலே கேலி செய்பவனும் அதனை நன்கு கையாளுகின்றான்.

ஆறாவதாகிய தொழிற்பெயரே எல்லாவற்றினும் சிறந்தது. ஏனெனில், உறுப்பும் ஊரும் பிறப்போடு வருவன. தொழிலோ முயற்சியால் வருவது. சங்கப் புலவர் சிலருடைய இயற்பெயர் மறைந்து, அவர்கள் பாடிய தொடரே பெயராக நிலைத்தது. செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்போர் அத்தகையோர். மீனெறி தூண்டிலார் என்றொரு புலவரும் குறுந்தொகையில் உளர். யானை வளைத்து விட்ட மூங்கில் மேலெழுவதை மீனைக் கவ்விய தூண்டில் மேலெழுவதற்கு ஒப்பிட்ட அவருடைய உவமையே அவர் பெயராயிற்று. பெற்றோர் இட்ட பெயரைக் காலம் மறந்தது. அவர் ஆக்கிய சொல்லை மறக்கவில்லை.

இத்தகைய பெயர் ஒன்று அண்மைக் காலத்தில் மன்னாரை அணைந்த கடலிலேயே தழைத்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமுடையது. அகலம் சிறிதாயினும், மணற்றிடல்களுக்கிடையே மாறி மாறி ஓடும் நீரோட்டம் நீந்துவோரைத் திசைதிருப்பவல்லது. 1966ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இந்திய நீச்சல் வீரர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியபோது 25 மணி 36 நிமிடம் சென்றது. அதற்கு முன்னரே, 1954ஆம் ஆண்டில், தொண்டைமானாறு நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்திருந்தார். அவர் வழியில் வந்தவர் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன். 1971ஆம் ஆண்டில் அவர் பாக்கு நீரிணையை ஒரு வழியன்றி இரு வழியும், இடையறாது, 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். தமிழ் மக்கள் அவரை ஆழிக்குமரன் என்றனர்.

இப்பெயரின் அமைப்பு நோக்கத்தக்கது. குமார் என்னும் அவருடைய சொந்தப் பெயரே குமரன் எனத் தமிழ் வடிவம் பெற்று, ஆழி என்னும் சொல்லை முன்னே ஏற்றது. பெற்றோர் இட்ட பெயரை நீக்காமலே ஊரவர் அதற்கு முடி சூட்டினர். மேலும், ஆழி என்னும் சொல் கடலையும் குறிக்கும், தேர்ச்சக்கரத்தையும் குறிக்கும். சக்கரத்தில் விரைந்த மேலைநாட்டு வீரரையும் கடலில் விரைந்த ஈழநாட்டு வீரரையும் தமிழிலே ஒரே சொல்லால் அழைக்க இடமுண்டு. ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நிற்றல் முதலிய வேறு பல அருஞ்செயல்களாலும் ஆனந்தன் உலகச் சாதனை நூலில் இடம்பெற்றார். ஆயினும், மக்கள் நாவில் நின்றது கடலாற் பெற்ற பெயரே. 1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியிலே அவர் உயிர் நீத்தார். அவருடைய 51 மணி நேரச் சாதனையை 2021ஆம் ஆண்டில் இலங்கை விமானப்படை வீரர் றொஷான் அபேசுந்தர முறியடித்தார். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று மீள அவருக்கு 28 மணி 19 நிமிடம் ஆயிற்று. சாதனை ஐம்பது ஆண்டுகளின் பின் கை மாறியது. ஆழிக்குமரன் என்னும் பெயர் கை மாறவில்லை.

பட்டப்பெயரைக் கேட்டவுடன் காரணத்தைத் துணிந்துவிடுதலும் பிழையாகலாம். அமெரிக்கப் பந்தய வீரர் கிளென் றொபேட்ஸ், தீப்பந்து றொபேட்ஸ் என்று பெயர் பெற்றவர். காரின் வேகத்தால் வந்த பெயர் என்றே பலர் நினைத்தனர். உண்மையில், காரோட்டத் தொடங்குமுன், இளைஞராய்ப் பேஸ்போல் ஆட்டத்தில் பந்தை மிக விரைவாக எறிந்தமையாற் கிடைத்த பெயர் அது. 1964ஆம் ஆண்டு மே மாதம் சார்லட் நகரப் பந்தயத்தில் அவருடைய கார் கவிழ்ந்து தீப்பற்றியது. பலத்த தீக்காயங்களால் அவர் யூலை மாதம் 2ஆந் திகதி இறந்தார். விளையாட்டாய் வைத்த பெயரும் அவருக்கு நேர்ந்த முடிவும் இவ்வாறு ஒத்துப்போனமை, அப்பெயரை உரக்கக் கூவிய பலருடைய நாவை அடக்கியது. பெயருக்கும் விதிக்கும் தொடர்பு கற்பித்தல் அறிவுடைமையன்று. அந்த மரணத்தை அடுத்து, ஓட்டுவோர் தீப்பிடிக்காத உடை அணிவதிலும் எரிபொருள் கசியாத கலங்களை அமைப்பதிலும் பந்தய உலகம் மிகுந்த கவனம் செலுத்தலாயிற்று. அதுவே கொள்ளத்தக்க பாடம்.

இனி, பட்டப்பெயர் யாருக்குச் சொந்தம் என்னும் வினா எழுகின்றது. தன் பட்டப்பெயரைத் தானே சூட்டிக்கொள்பவன் நகைப்புக்கே இடமாவான். பிறர் வைத்தாலன்றி அது நிலைப்பதில்லை. ஆனால், பிறர் வைத்த பெயரை வேண்டாவென்று மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டா? தமிழ்நாட்டுத் திரைப்பட நடிகர் அஜித் குமார் இதற்கொரு விடை தந்தார். அவர் பந்தயக் காரோட்டியுமாவார். 2003ஆம் ஆண்டில் ஆசியப் பந்தயத் தொடரிலும், 2010இல் ஐரோப்பாவில் போர்மியுலா 2 பந்தயங்களிலும் ஓடினார். 2025ஆம் ஆண்டு சனவரியில் துபாயில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில் அவருடைய குழு தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த தீனா என்னும் படத்தில் வழங்கிய தல என்னும் விளி, தலைவன் என்ற பொருளில், இருபது ஆண்டுகள் அவருடைய பட்டமாக விளங்கியது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி அவர் ஓர் அறிக்கை விடுத்து, இனித் தம்மைத் தம் பெயராலோ அதன் முதலெழுத்துகளாலோ மட்டும் குறிப்பிடுமாறு ஊடகத்தாரையும் அன்பர்களையும் கேட்டுக்கொண்டார். புகழ்ப்பெயரையும் ஒருவர் சுமையாக உணரலாம் என்பது இதனாற் புலனாகின்றது. அன்போடு வைத்த பெயராயினும், அதை ஏற்பவர் உள்ளம் உடன்பட வேண்டும்.

புகழ்ப்பெயருக்கே இந்நிலையாயின், இகழ்ப்பெயரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? பந்தய வீரனை வளைகாலன் என்றாலும் எலி என்றாலும் அவன் சிரித்துவிட்டுப் போகலாம். வெற்றியென்னும் கவசம் அவனுக்கு உண்டு. பள்ளிக்கூடத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுவனுக்கு அக்கவசம் இல்லை. திக்கிப் பேசுபவனுக்கும், சாய்ந்து நடப்பவனுக்கும், கறுத்து மெலிந்தவளுக்கும் அவ்வகுப்பிலே ஒரு பெயர் ஆயத்தமாக இருக்கின்றது. ஒருநாட் கேலியாகப் பிறந்த அப்பெயர் வாழ்நாள் முழுதும் தொடர்வதுண்டு. அவன் படித்து உத்தியோகம் பெற்று ஊர் திரும்பினாலும் கடைத்தெருவில் அதே பெயர் அவனை வரவேற்கின்றது. பெயரைத் தெளித்தவன் அன்றே மறந்துவிடுகின்றான், நனைந்தவன் மறப்பதில்லை.

ஆயினும், பெயர் மாறுதல் இயலாததன்று. பாண்டியன் ஒருவன் முதுகு கூனியமை பற்றிக் கூன்பாண்டியன் என்று அழைக்கப்பட்டான் என்றும், கூன் நிமிர்ந்தபின் நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்றும் சைவ மரபு கூறும். அவன் கூனைக் கண்டு பெயரிட்ட அதே மக்கள், அவன் நிமிர்ந்தபோது புதுப்பெயர் இடவும் தவறவில்லை. இப்பெருந்தன்மை இருக்கும் ஊரிலே பட்டப்பெயர் தீங்காகாது. ஒருவனுடைய குறையைக் காணக் கண்ணொன்று போதும். அவனுடைய முயற்சியைக் காண்பதற்கோ அவனோடு சிலகாலம் பழகவேண்டும். மழையிலும் அவன் எப்படி ஓடுகின்றான் என்று பார்த்திருக்கவேண்டும். மழையாசான், மீனெறி தூண்டிலார், ஆழிக்குமரன் ஆகிய பெயர்கள் அவ்வாறு பார்த்திருந்தவர்கள் வைத்தவை.

ஆகவே, பட்டந் தெளிக்கும் வழக்கத்தை ஊரிலிருந்து ஒழித்துவிடுதல் நடவாத காரியம், அது வேண்டியதுமன்று. வீட்டிலும் வகுப்பறையிலும் பெரியோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையொன்று மற்றொரு பிள்ளையை உறுப்பால் அழைக்கும்போது, அதனை அதட்டுவதோடு நில்லாது, அப்பிள்ளை எதில் வல்லது என்று கேட்கலாம். கேட்கப்பட்ட பிள்ளை சற்று எண்ணிப் பார்க்கும். நன்றாக நீந்துவான், வலை பின்னுவான், கணக்குப் போடுவான் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லும். அப்படிச் சொன்ன நாளிலேயே அங்கு ஒரு நல்ல பெயர் பிறப்பதற்கு இடமுண்டாகின்றது.